மெய் சொல்லும் முள்

1945-இல் மகாயுத்தம் ஓய்ந்ததும், அமெரிக்க ராணுவம் தனக்கு இனி வேண்டாத தளவாடங்களை மலை மலையாகக் குவித்துச் சொற்ப விலைக்கு விற்கலாயிற்று. தெற்குக் கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைகளில் ரிவெட் அடித்தவர்களும், பசிபிக் தீவுகளிலிருந்து வீடு திரும்பிய இளைஞர்களும் அந்தக் குவியல்களுக்கிடையே புகுந்து, தங்கள் பழைய ஃபோர்டு கார்களுக்கு உகந்ததைப் பொறுக்கி எடுத்தார்கள். 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு வி-8 காரை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு வலுவேற்றி, மூரோக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பரீட்சை நடத்தும் வழக்கம் யுத்தத்திற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. 1937-இலேயே அதற்கென்று ஒரு சங்கமும் தோன்றியிருந்தது. ஹாட் ராட் என்று பெயர் பெற்ற இக்கார்களுக்கு விமானம் அளித்த கொடைகள் பல. இடுப்பு வார் வந்தது. எடை குறையத் துளையிட்ட அலுமினிய ஆசனம் வந்தது. பில் பர்க் என்பவர் 1946-இல், போர் விமானத்தின் வயிற்றடியில் தொங்கும் பெட்ரோல் கலத்தையே காரின் உடலாக்கிவிட்டார். ஆயினும் ரசிகனுடைய கண் கடைசியில் போய் நிலைப்பது டாஷ்போர்டில் பதித்த விமான மீட்டர்களில்தான்.

அந்த மீட்டர்களின் சௌந்தர்யம் அழகை உத்தேசித்து யாரும் வகுத்ததன்று. பளபளப்பு விமானியின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதற்காக மங்கிய கறுப்பு. விமானம் அதிரும்போதும் ஒரு கணப் பார்வையிலே விளங்கவேண்டும் என்பதற்காகத் தடித்த வெள்ளை எண்கள். நான்கு மூலைகளிலும் நான்கு திருகுகள். எதுவும் மிகையில்லை. எஞ்சின் இயங்கத் தக்க எல்லையைப் பச்சையாலும், ஆபத்தின் எல்லையைச் சிவப்பாலும் கண்ணாடியின் மேலேயே தீட்டியிருப்பார்கள். கண்ணாடி சற்றே சுழன்றுவிட்டால் அந்த வர்ணங்கள் பொய் சொல்லத் தொடங்கிவிடுமல்லவா? அதற்காகக் கண்ணாடியிலிருந்து கூட்டின் விளிம்புவரை ஒரு சிறு வெள்ளைக் கோட்டை இழுத்து வைத்தார்கள். கோடு முறிந்திருந்தால் கண்ணாடி நகர்ந்துவிட்டது என்று பொருள். பொய்யாகிவிடுவோமோ என்ற அச்சத்தைத் தன் முகத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட இப்படிப்பட்ட நேர்மையை வேறு எந்த யந்திரத்திலும் நான் கண்டதில்லை.

ஆகவே, இத்தகைய வஸ்துவைக் காரில் பதிக்கும் கைவினைஞனைப் பற்றி நான் முதலில் கேட்பது ஒன்றே: இடம் மாறிய பிறகும் அந்த முள் மெய் சொல்கிறதா? டயல் அழகாக அமர்ந்து, உள்ளே முள் செத்துக் கிடக்கும் டாஷ்போர்டுகள் எத்தனையோ உண்டு. அவை நாடக மேடையின் திரைச்சீலைக்குச் சமானம். அளப்பதற்காகப் பிறந்ததை அளக்கவொட்டாமல் வைப்பது அதை அவமதிப்பதாகும்.

மெய் சொல்ல வைப்பது எளிதன்று. விமான மீட்டர்களுக்குரிய 3⅛ அங்குலம், 2¼ அங்குலம் என்ற அளவுகள் காரின் பழைய துளைகளோடு பொருந்தா. புதிதாக அலுமினியத் தகடு வெட்டியே ஆகவேண்டும். ராணுவ விமானத்தின் மின்சாரம் 24 வோல்ட். பழைய ஃபோர்டுக்கோ 6 வோல்ட். மின்சாரத்தால் இயங்கும் மீட்டர்கள் இங்கே சும்மா இணைத்தால் உயிர்பெறமாட்டா. இதனால்தான் விஷயமறிந்தவர்கள் மின்சாரமே வேண்டாத மீட்டர்களை முதலில் நாடுகிறார்கள். பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்டோன் 1849-இல் உரிமை பெற்ற தட்டைக் குழாயைக் கொண்டது ஆயில் பிரஷர் மீட்டர்; வளைந்த அந்தக் குழாய், திருவிழாவில் குழந்தைகள் ஊதும் காகிதச் சுருளைப் போல, அழுத்தம் ஏற ஏற நிமிரப் பார்க்கும்; அந்த இம்மியளவு நிமிர்வே பல்சக்கரத்தால் பெருகி முள்ளைத் திருப்புகிறது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வந்தால் போதும்.

சுழற்சிமானியின் சங்கதி இன்னும் நுட்பமானது. விமானத்தில் எஞ்சினோடு இணைந்த ஒரு சிறு ஜெனரேட்டர் தானே மின்சாரத்தை உண்டாக்கி முள்ளை ஓட்டுவதால், காரின் 6 வோல்ட்டைப் பற்றிய கவலை இல்லை; அது கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்வதற்கென்று அமைந்தது; காரின் காம் ஷாஃப்டும் அதே பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. கணக்கு இவ்வளவு இசைவாக வந்தும், நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் அதிகம் போகாத விமான எஞ்சினுக்கு வரைந்த டயலில், 5,000 சுற்றுக்கு மேலும் ஏறும் ஹாட் ராட் எஞ்சினுக்கு இடமில்லை. நல்ல கைவினைஞன் இடையிலே பல்சக்கரம் வைத்து வேகத்தை மறுபடியும் பாதியாக்கி, டயலின் எண்களை அதே எழுத்து வடிவத்தில் இரட்டித்துத் தீட்டிவிடுகிறான். பழைய மெருகைத் தொட்டுவிட்டானே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. அவன் காப்பாற்றியது மெருகைக் காட்டிலும் மேலானது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது, எஞ்சினுக்குள் காற்றுப் புகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானிஃபோல்டு அழுத்தமானி. காரின் சாதாரண வாக்குவம் மீட்டர், எஞ்சின் ஓயும்போது சூன்யத்தைக் காட்டும். விமான மீட்டரோ சூன்யத்தை அறியாது. கடலோர ஊரில் எஞ்சின் நின்றிருக்கையிலும் அது ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசத்தில் நிற்கும், ஏனெனில் நம்மைச் சூழ்ந்த காற்றின் பாரமே அவ்வளவு. எஞ்சின் மெல்ல ஓடும்போது முள் வெகுவாகத் தாழ்கிறது. சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சினில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், 30-ஐத் தாண்டி மேலே ஏறுகிறது. பி-51 முஸ்டாங் விமானம் தரையை விட்டு எழுகையில் இந்த முள் 61-இல் நின்றது. சூப்பர்சார்ஜரைத் தலையில் சுமந்த ஃபோர்டுக்கு இதைவிடப் பொருத்தமான மீட்டர் வேறில்லை என்பேன்.

இரட்டை எஞ்சின் விமானங்களில் ஒரே டயலில் இரண்டு முட்கள் உண்டு. ஃபோர்டின் பழைய வி-8 எஞ்சினில் இருபுறத்துக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பம்புகள். சூடேறுவது அதன் தீராத நோய். ஒரு புறம் மட்டும் தகிப்பதுமுண்டு. அந்த இரு முட்களில் ஒன்றை இடப்புறத்து உஷ்ணத்துக்கும் மற்றதை வலப்புறத்து உஷ்ணத்துக்கும் ஒப்படைத்தால், இரவல் வாங்கியதென்ற எண்ணமே மறைந்து, இதற்கென்றே செய்ததோ என்று தோன்றிவிடும்.

ஸ்விட்சுகளுக்கு வருவோம். கையுறை அணிந்த விரலும் தவறாமல் பற்றும் நீண்ட உலோகப் பிடி, உள்ளே சுருள்வில் தாண்டும்போது எழும் அந்தத் திடமான ஓசை இரண்டும் விரலுக்குத் தரும் நிச்சயம் அபூர்வமானது. சிவப்பு மூடியிட்ட ஸ்விட்ச் மட்டும் பெரும்பாலும் தவறாகவே பிரயோகிக்கப்படுகிறது. மூடியைத் தூக்கினாலன்றி ஸ்விட்சைத் தொட முடியாது; மூடியை அடித்துச் சாத்தினால் ஸ்விட்ச் தானே பழைய நிலைக்குத் திரும்பும்; தற்செயலாகத் தீண்டக் கூடாததைக் காப்பதற்கே அது ஏற்பட்டது. அதை ஹெட்லைட்டின் மேல் பூட்டுவது வீண் ஆடம்பரம். பெட்ரோல் பம்பின் மேலோ மாக்னெட்டோவின் மேலோ பூட்டுவதே முறை. சக்கரத்தை உள்ளிழுக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளைக் காரில் ஒட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இழுக்கச் சக்கரம் இல்லாத இடத்தில் அந்த வார்த்தைகளுக்கு வேலையில்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். இருளில் ஒளிரும்பொருட்டு அக்காலத்து முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வர்ணம் பூசினார்கள். கூடவே சேர்த்த துத்தநாக சல்ஃபைடு சில வருஷங்களில் நலிந்து ஒளி மங்கிவிடும். ரேடியமோ பாதியாகக் குறையவே 1,600 வருஷம் பிடிக்கும். ஒளி போயிற்று, விஷம் போகவில்லை. நியூ ஜெர்சியின் ஆரஞ்சிலும், இல்லினாயின் ஒட்டாவாவிலும் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல்களுக்கு வர்ணம் தீட்டிய பெண்களில் பலர் தாடையெலும்பு அரித்து மாண்டார்கள். அந்த மீட்டரின் கண்ணாடியை வீட்டில் திறப்பதும், பழுப்பேறிய வர்ணத்தைச் சுரண்டுவதும் கூடவே கூடாது. டயலைப் புதுப்பிக்கும் வேலையை அதற்குரிய வசதி படைத்தவரிடமே விடவேண்டும்.

உயரமானியைக் காரில் கண்டால் பலர் நகைப்பார்கள்; நான் அவர்கள் பக்கமில்லை. பால் கோல்ஸ்மன் 1928-இல் செம்மைப்படுத்திய இக்கருவியின் துணையால்தான், அடுத்த வருஷம் ஜிம்மி டூலிட்டில் வெளியே ஏதும் காணாமலே விமானத்தை ஏற்றி இறக்கினார். அது அளப்பது உயரத்தையன்று, காற்றின் அழுத்தத்தையே. வேகப் பரீட்சை நடக்கும் போனவில் உப்புப் படுகை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,200 அடி மேலே கிடப்பது; அங்கே காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் கடலோரத்துக்கு உரியதாகவே இருந்தால் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும். உயரமானியின் சிறு ஜன்னலில் 29.92 என்று திருப்பி வைத்துவிட்டால், அன்றைய அழுத்தத்துக்கு எந்த ஜெட் பொருந்தும் என்பதற்கு முள்ளே வழி காட்டும். வெயிலும் காற்றை மெலிவிப்பதால், வெளிக்காற்றின் உஷ்ணம் காட்டும் மீட்டர் ஒன்றையும் அருகிலே பதிக்கவேண்டும். பழைய விமானங்களில் அதுவும் கிடைக்கும்.