மின்வாயும் பால்மாவும்

2013 ஓகஸ்ட் மாதத்தில், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு, நியூசிலாந்துப் பால்மா வகைகள் சிலவற்றில் டைசயன்டயமைட்டு என்னும் இரசாயனம் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்து அவற்றை மீளப்பெறுமாறு பணித்தபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் தாய்மாருக்கு வேண்டியிருந்தது, இந்தப் பைக்கற்றில் அது உண்டா, இல்லையா என்ற ஒரு விடையே. ஆனால் அப்பால்மாவைத் தயாரித்த பொன்டெரா கம்பனி அப்பரிசோதனையின் முடிவை ஏற்க மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. தாய்மார் எதிர்பார்த்த அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்து நைத்திரேற்று ஆறுகளிற் கரைந்து செல்லாதிருக்கும்பொருட்டு நியூசிலாந்து விவசாயிகள் தூவிய பதார்த்தமே டைசயன்டயமைட்டு. நீரைக் காக்கப் புகுந்தது பாலில் வந்து தங்கிற்று. அதன் நச்சுத்தன்மை சொற்பமே. எனினும், 2008 இல் சீனாவில் பாலிற் கலக்கப்பட்டு ஆறு குழந்தைகளின் உயிரைக் கவர்ந்த மெலமீனைப் போலவே அதன் நிறையிலும் மூன்றில் இரண்டு பங்கு நைதரசனாகும். 1883 இல் கெல்டால் வகுத்த முறையோ நைதரசனை அளந்து அதனைப் புரதமாகக் கணக்கிடுவதேயன்றி, அந்த நைதரசன் எந்த மூலக்கூறிலிருந்து வந்தது என்று வினவுவதில்லை. அந்த வினாவுக்கு விடை காணத்தக்க முறைகளுள் ஒன்றாகவே, மின்வாயினால் அளக்கும் மின்னிரசாயன முறை இன்று பெரிதும் போற்றப்படுகின்றது.

அப்புகழுக்கு நியாயம் உண்டு. 1922 இல் பிராக் நகரில் ஹெய்ரொவ்ஸ்கி சொட்டும் இரசத்தை மின்வாயாகக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி 1959 இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது. அதன் வழிவந்த உரிவு முறையில், நீரிலுள்ள ஈய அயன்களை மறை மின்னழுத்தத்தால் மின்வாயின்மீது சில நிமிடம் படியவைத்துச் சேர்த்தபின், அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி அவற்றை மீண்டும் கரையவிட, அப்போது எழும் மின்னோட்டமே அளவைக் காட்டுகின்றது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ள எல்லையாகிய லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமிலும் மிகக் குறைந்த அளவை, கையிற் பிடிக்கத்தக்க உபகரணம் ஒன்று சொற்பச் செலவில் அறிந்துவிடும். நச்சாகிய இரசத்துக்குப் பதிலாக 2000 ஆம் ஆண்டளவில் பிசுமது வந்தமையும் நற்பேறே.

பாலில் நிலைமை வேறு. கேசீன் புரதமும் கொழுப்பும் மின்வாயின்மீது படிந்து அதன் உணர்வை மந்தமாக்குகின்றன. மெலமீனோ எளிதில் இலத்திரனை இழக்கும் இயல்பினதன்று. ஆகையால் அதனை நேரே காணாமல் வேறொரு பதார்த்தத்தின் சமிக்ஞை குன்றுவதைக் கொண்டு ஊகிக்கும் முறைகள் பல தோன்றியுள்ளன. பாலிலுள்ள மற்றொன்று அதே சமிக்ஞையைக் குன்றச் செய்தால் கருவி அதனை வேறுபடுத்தி அறியுமா? புரதத்தை நீக்கி, பன்மடங்கு ஐதாக்கி, ஆய்வாளர் தம் கையாலேயே அறிந்த அளவு மெலமீனைச் சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைத்தது என்று காட்டும் பரிசோதனைகள் இதற்கு மறுமொழி ஆகா. சந்தையிலே கலப்படம் செய்பவன் என்ன கலந்தான் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை.

நீரிலும் இம்முறை முற்றிலும் குறையற்றதன்று. ஆற்றின் சேதனப் பொருள்களோடு பிணைந்த உலோகம் மின்வாயை எளிதில் அணுகுவதில்லை. மாதிரியை அமிலத்தாற் சிதைத்தாலன்றி முழு அளவு புலப்படாது. ஆயினும், கொழும்பின் குடிநீருக்காகக் களனி கங்கை நீரை எடுக்கும் அம்பத்தளையில், நாள்தோறும் ஏற்படும் ஏற்றத்தாழ்வை இடைவிடாது காவல்காக்க இதனை அமர்த்தலாம் என்பதே என் அபிப்பிராயம். அங்கே வேண்டுவது எச்சரிக்கை. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை, திணிவைக் கொண்டு பொருளை இனங்காணும் திணிவு நிறமாலைமானியிடம் விட்டுவிடலாம்.

மிகச் சூக்குமமான அளவைக் கண்டதாகப் போட்டியிடும் ஆய்வுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு மனக்குறை உண்டாகின்றது. குற்றமுள்ள பாலை எத்தனை தடவை குற்றமற்றதெனக் கருவி விட்டுவிட்டது என்பதே காவற்கருவியைப் பற்றி முதலிற் கேட்கவேண்டியது. அதனையோ பலர் கூறுவதேயில்லை. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பால்மாவுக்கு இம்மின்வாய் முறையைக் கொண்டுவருவதாயின், ஒவ்வொரு மாதிரியையும் இரு பாகமாக்கி, ஒன்றை மின்வாயினாலும் மற்றொன்றைத் திணிவு நிறமாலைமானியாலும், மாதிரி எவருடையதென அறியாத இரு வேறு ஆய்வாளர் சோதித்து, இரண்டும் முரண்பட்ட தடவைகளையும் ஒளியாது வெளியிடுதல் வேண்டும்.