கண்ணாடித் தொட்டியும் மண்பானையும்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் குத்தாலத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் இரண்டு ஆமைக் குஞ்சுகள், ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா அங்கே பார்த்து ஆசைப்பட்டு, ஊருக்கு வந்தபோது வண்ணமீன் கடையில் தேடி வாங்கித் தந்தது. பையன் இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே கொல்லைப்பக்கம் சத்தம். தண்ணி ஏறியதால் விறகடியில் ஒதுங்கிய ஒரு சாரையை இரண்டு பேர் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "பூச்சிய உள்ள விட்டுட்டு ராத்திரி எப்படிப் படுக்குறது?" என்றார் அத்தை. பையன் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டிக்கே போய்விட்டான்.

அத்தையையோ பையனையோ குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒரே வீட்டில், ஒரே அரை மணி நேரத்தில், ஊரும் உயிர் ஒன்று செல்லமாகவும் இன்னொன்று பிணமாகவும் ஆனது எப்படி என்ற கேள்வி என்னை விடவில்லை. விஷம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சாரைக்கு விஷம் கிடையாது. வயல் எலியைத் தின்று நெல்லைக் காப்பது அது. ஆமையைப் பற்றியோ, புகுந்த வீடு உருப்படாது என்று அமீனாவோடு சேர்த்துச் சொன்ன ஊர் இது. இன்று வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டத்துக்கென்று ஒளித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த ஆமையின் சர்வதேச வணிகம் 2019இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அது இன்று நம் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆக, பயமும் பிரியமும் பிராணியின் உடம்பில் இல்லை. அது எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதில் இருக்கிறது. வேலியைத் தாண்டி வந்தால் பூச்சி. காசு கொடுத்து வந்தால் பெட்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குத் திணை ஞாபகம் வருகிறது. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என ஒரே வரிசையில் வைக்கிறது. விலங்கு அங்கே தனியாக நிற்பதில்லை. சாப்பாட்டோடும் வேலையோடும் சாமியோடும் சேர்ந்தே வருகிறது. ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார் நண்டுக்கு ஒரு பத்து, எருமைக்கு ஒரு பத்து என்று ஒதுக்கியபோது அவை யாருடைய செல்லமும் அல்ல, வயலின் பங்காளிகள். இன்றைய 'எக்ஸாட்டிக் பெட்' என்பது இந்த வரிசையிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட கருப்பொருள். அதற்கு முதற்பொருளையும் கடையிலேயே விற்கிறார்கள்: நிலத்துக்குப் பதில் கண்ணாடி, பொழுதுக்குப் பதில் சூடேற்றும் பல்ப். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியின் பால் பைத்தானை இன்று புடவை டிசைன் மாதிரி நிறம் நிறமாக இனம் பிரித்து வளர்த்து விற்கிறார்கள். அதில் 'ஸ்பைடர்' என்ற ஒரு வகைக்குப் பிறவியிலேயே நரம்புக் கோளாறு, தலை நிலையில்லாமல் ஆடும். அந்த ஆட்டத்தோடுதான் அது விலை போகிறது. இதை இயற்கை மீதான காதல் என்று யாராவது சொன்னால், எந்த இயற்கை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்காகத் திணையைப் பொற்காலம் ஆக்கி மாலை போட வேண்டாம். மருதத்தில் சேற்றில் இறங்கியவர் யார், வரப்பில் நின்றவர் யார் என்ற கணக்கும் அதே தொழில் வரிசைக்குள்தான் இருக்கிறது. அயல் பிராணியின் மேல் ஆசையும் புதிதல்ல. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது காவிரிப்பூம்பட்டினம். அங்கே வந்து குவிந்த பொருள்களைப் பட்டினப்பாலை அடுக்கும்போது முதலில் வருவது கடல்வழி இறங்கிய குதிரை. தூரத்து விலங்கு அன்றைக்கு அரசனின் அதிகாரக் குறி. இன்றைக்கு அது நடுத்தர வர்க்கத்துக் கூடத்துக்கு இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2024இன் சில மாதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். பிப்ரவரி கடைசியில் மத்திய அரசு உயிருள்ள அயல் விலங்குகளைப் பதிவு செய்யும் விதிகளை வெளியிட்டது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் இணையத்தில் பதிந்துகொள்ளலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் மயிலாடுதுறை நகருக்குள் ஒரு சிறுத்தை நடமாடியது கேமராவில் பதிவானது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தேடுதல் குத்தாலம் பக்கம் காஞ்சிவாய் வரைக்கும் வந்தது. கூண்டு வைத்தார்கள், அது சிக்காமலே அரியலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் செய்தி. அதே ஏப்ரலில், கடலூர் தொகுதியில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்துச் சொன்ன ஜோசியரை வனத்துறை பிடித்துக்கொண்டு போனது. கிளிகளைக் கூண்டோடு பறிமுதல் செய்தது. அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். அரசியல் பழிவாங்கல் என்றது வேட்பாளரின் கட்சி. அது அவர்கள் பிரச்சினை. நம் பிரச்சினை வேறு. ஐந்தாறு சீட்டும் ஒரு பச்சைக்கிளியுமாகத் திண்ணையில் உட்கார்ந்தவர் குற்றவாளி. ஏ.சி. அறையில் இகுவானா வைத்திருப்பவர் விண்ணப்பதாரர்.

சட்டம் தெரிந்த நண்பர்கள் மறுப்பார்கள். கிளி நம் நாட்டு உயிர், 1972ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இகுவானா வெளிநாட்டுப் பிராணி, அந்த அட்டவணைகளில் இல்லாமல் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். சரிதான். நான் கேட்பது வேறு. உள்ளூர் உயிரோடு கைகலந்து பிழைத்தவர்களுக்கு 1972இலேயே சட்டம் வந்துவிட்டது. விமானத்தில் வந்த உயிரை வைத்திருப்பவர்களுக்கு அது வந்து சேர 2022ஆம் வருஷத் திருத்தம் வரை, ஐம்பது வருஷம் ஏன் ஆனது? அதற்கு முன்பு 2020 ஜூனில் தானாக முன்வந்து சொன்னால் போதும், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஆறு மாத அவகாசம் வேறு. எந்தக் கிளி ஜோசியருக்கும் அப்படி ஒரு ஆறு மாதம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் கூண்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. றெக்கை வெட்டப்பட்ட கிளிக்கு ஜோசியரின் வறுமை ஆறுதல் ஆகாது. கிளியைப் பறிமுதல் செய்தது தவறென்றும் சொல்லவில்லை. கருணை என்ற பெயரில் இயங்கும் சொல்லாடலுக்குள் வர்க்கமும் சாதியும் எப்படி ஓசையில்லாமல் வேலை செய்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன். கப்பலேறி வருகிற குஞ்சுகளின் கதையையும் பாருங்கள். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒருவருடைய பெட்டியில் ஒரு டிபிராசா குரங்கு, பதினைந்து கிங் ஸ்நேக், ஐந்து பால் பைத்தான், இரண்டு அல்டாப்ரா ஆமைகள். திருப்பி அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில் பெங்களூரில் பத்து மஞ்சள் அனகொண்டாக் குட்டிகள். பெட்டியைத் தூக்கி வந்த கூலி ஆளின் படம் பத்திரிகையில் வருகிறது. அந்தக் குட்டிகளுக்காக எந்த ஊரில், எந்தக் கூடத்தில் தொட்டி கழுவி வைக்கப்பட்டிருந்தது என்பது வருவதில்லை.

வளர்ப்பு, வைத்திருத்தல் என்பதற்கு இன்னொரு அர்த்தம் நம்மிடமே இருக்கிறது. இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரே வெட்டாக வெட்டின. ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் பார்க்கலாம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகையை உயிரோடு பிடித்து வருகிறார்கள். மண்பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சில வாரம் வைத்திருக்கிறார்கள். விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காதபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பெயர் வைப்பதில்லை. பானைக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் மண்ணிலோ கண்ணாடியிலோ இல்லை. பானைக்குள் போனது திரும்பிப் போகிறது என்பதில் இருக்கிறது. பாம்புக்கு அதுவும் துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துன்பத்துக்கு ஒரு கணக்கும் ஒரு முடிவும் உண்டு.

அந்த விஷத்தில்தான் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் 2000லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் செத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. கிராமத்துச் சாவுகள் அவை. வயலில், வரப்பில், வைக்கோல் போரில், மண்தரைப் படுக்கையில் நடப்பவை. தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது 2024 நவம்பரில்தான். நாற்று நடுகிறவளின் காலுக்கும் விரியனுக்கும் இடையில் கண்ணாடி எதுவுமில்லை. பாம்பைக் கழுத்தில் போட்டு எடுத்த புகைப்படத்துக்குக் கீழே 'பாம்புகளைப் புரிந்துகொள்ளுங்கள்' என்று எழுதுகிற இளைஞர் இவளிடம் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அவளுக்குப் பாம்பு புரியாமல் இல்லை. அவளுக்கு வேண்டியது ரப்பர் பூட்ஸ், டார்ச் லைட், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து.

செல்லத்தின் கடைசி அத்தியாயம் அமெரிக்காவில் எழுதப்பட்டிருக்கிறது. பர்மிய மலைப்பாம்பைக் குட்டியாக வாங்கி, பெரிதானதும் வைத்துக்கொள்ள முடியாமல் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். வளர்ப்பு வணிகத்திலிருந்து தப்பியவையும் சேர்ந்தன. அவை பெருகி அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தன. 2017 ஜனவரியில் அவற்றைத் தேட அழைத்துப் போகப்பட்டவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள். அடுத்த நாட்டுக் கூடங்களின் பிரியம் போட்ட குப்பையைத் தடம் பார்த்துப் பொறுக்க இங்கிருந்து ஆள் போக வேண்டியிருந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம்தான். பட்டயத்தையும் நாம் கண்ணாடிக்குள்தான் மாட்டுவோம்.

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் நவீன கவிதையில் ஊரும் பாம்புகளை எண்ணிப் பாருங்கள். காமம், பயம், நனவிலி, காலம். பாம்பு மட்டும் இல்லை. நானும் அப்படி இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். நிலத்திலிருந்து பிடுங்கி, வெளிச்சம் போட்டு, வாசகன் பார்க்கக் கண்ணாடிக்குள் வைத்த உயிர்தான் அந்தப் படிமமும். கதைகளில் வரும் இருளரும் நரிக்குறவரும் பெரும்பாலும் இதே தொட்டிக்குள்தான் சுருண்டு கிடக்கிறார்கள். கடத்தல்காரனைத் திட்டுமுன் நம் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

போன மாதம் அந்தப் பையன் போன் செய்தான். ஆமைகள் கையளவு வளர்ந்துவிட்டனவாம், தொட்டி நாறுகிறதாம். "அம்மா கோயில் குளத்துல விட்டுடலாம்ங்குறாங்க, விடட்டுமா மாமா?" சுந்தரர் குளித்து உடல்நோய் தீர்ந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊர். விட்டால் நம்மூர்க் குளத்து ஆமையின் இடத்தையும் இரையையும் அவை பிடுங்கிக்கொள்ளும். வேண்டாம் என்றேன். அது இன்னும் இருபது முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும், வாங்கியாச்சு, பெரிய தொட்டி கட்டிக் கடைசி வரைக்கும் நீதான் பார்த்துக்கணும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "முப்பது வருஷமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவனிடம் விற்பதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்.