அணுக்களின் நடமாட்டத்தை எழுதிவைக்கும் மரபுகள்

ஒரு புரதத்தைத் தண்ணீரில் வைத்து, அதன் அணுக்கள் ஃபெம்டோ நொடிக்கு ஃபெம்டோ நொடி எப்படி நகரும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன். வாரக்கணக்கில் ஓடிய கணக்கு முடிந்ததும் மிஞ்சுவது எண்கள் மட்டுமே. அவற்றை எழுதிவைப்பதில் பல பள்ளிகள் உண்டு. நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான்: எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும், இந்த எண்கள் எவை என்று கோப்பே சொல்கிறதா?

மூத்த பள்ளி பி.டி.பி. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய புரதத் தரவு வங்கியோடு வளர்ந்தது. துளையட்டைக் காலத்தின் பிள்ளை. ஆகவே வரிக்கு 80 கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலை. ஆயத்தொலைவுகள் 31ஆம் கட்டத்திலிருந்து எட்டெட்டாக அமரும். அணுவின் பெயருக்கு 13 முதல் 16 வரை. அங்கே ‘சிஏ’ என்ற இரண்டெழுத்து 13இல் தொடங்கினால் கால்சியம். ஒரு கட்டம் தள்ளி 14இல் தொடங்கினால் புரத முதுகெலும்பின் ஆல்ஃபா கார்பன். ஒரே ஒரு வெற்றிடம் தனிமத்தையே மாற்றிவிடும். அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து கட்டங்களே இருப்பதால் 99,999க்கு மேல் போக வழியில்லை. ரைபோசோம் போன்ற பெரிய அமைப்புகளைப் பல கோப்புகளாக உடைத்துப் பதிந்தார்கள். 2014இல் வங்கி எம்எம்சிஐஎஃப் வடிவத்தை மூலவடிவமாக ஏற்ற பிறகுதான் அந்த நெருக்கடி தீர்ந்தது. ஆனாலும் கண்ணால் படித்துக் கையால் திருத்த முடிகிற பி.டி.பி.யை ஆய்வாளர்கள் இன்றும் விடவில்லை. அந்தப் பற்று நியாயமானதே.

ஆம்பர் மென்பொருளின் பழைய பாதைக் கோப்பு இதற்கு நேர்மாறு. தலைப்புக்கு ஒரு வரி, பிறகு வரிக்குப் பத்து எண்கள், அவ்வளவே. அணுக்கள் எத்தனை, எது எது என்ற தகவல் கிடையாது. அதைத் தாங்கிய துணைக்கோப்பு தொலைந்தால் எண்கள் அநாதை. பின்னாளில் ஆம்பர்காரர்கள் வானிலைத் துறையில் புழங்கிய நெட்சிடிஎஃப் வடிவத்துக்கு மாறினார்கள்; அதில் ஆங்ஸ்ட்ராம், பிகோநொடி என்று அலகுகளும் கோப்புக்குள்ளேயே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தம் இது.

சார்ம், நாம்டி மென்பொருள்களின் வழியினர் எழுதுவது டி.சி.டி. அணுவுக்கு 12 பைட். ஒரு லட்சம் அணுக்கள் என்றால் சட்டகத்துக்கு, அதாவது ஒரு கணத்தின் பதிவுக்கு, 12 லட்சம் பைட். ஃபோர்ட்ரான் எழுதிய இரும வரிசை அப்படியே கிடக்கும், படிக்க வேகமானது. ஆனால் அதன் காலப்படி, சுமார் 48.9 ஃபெம்டோ நொடியை ஓர் அலகாகக் கொண்டது. தெரியாமல் படித்தால் விரவல் வேகம் முதற்கொண்டு எல்லாம் பிசகும்.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிறந்த குரோமாக்ஸ் மென்பொருளின் எக்ஸ்.டி.சி. வேறு துணிச்சல் கொண்டது. நானோமீட்டரில் மூன்று தசம இடங்களோடு எண்ணை வெட்டிவிடும். நீர் மூலக்கூறின் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அருகருகே இருப்பதால், முழு இடத்தையும் எழுதாமல் இடைவெளியை மட்டும் சில பிட்டுகளில் எழுதும். இழப்புதானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அறை வெப்பத்தில் அணு துடிக்கும் தூரத்தின் முன் 0.001 நானோமீட்டர் அற்பம். அமைப்பை ஆராய்பவருக்கு இந்த இழப்பு ஏற்கத்தக்கதே. வேகங்கள் வேண்டுமானால் டி.ஆர்.ஆர். கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

லாம்ப்ஸ் மென்பொருளின் டம்ப் கோப்பில் எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று தலைப்பே சொல்லும். ஆனால் செயலிகள் வேலையைப் பங்கிட்டு எழுதுவதால் அணுக்களின் வரிசை சட்டகத்துக்குச் சட்டகம் மாறலாம். அடையாள எண் பத்தியை விட்டுவிட்டால் யார் எங்கே போனார் என்று கண்டுபிடிக்க முடியாது.

2014இல் வெளியான எச்5எம்.டி., எச்டிஎஃப்5 என்ற பொதுத் தரவு வடிவத்தின் மேல் கட்டப்பட்டது. எழுதியவர் பெயர், மென்பொருள், அதன் பதிப்பு மூன்றையும் கட்டாயமாகக் கேட்கும். அலகையும் எண்ணோடு ஒட்டிவைக்க இடம் தரும். என் உரைகல்லில் முதலிடம் இதற்கே. ஆனால் தினசரி ஓட்டத்தில் எக்ஸ்.டி.சி.யும் டி.சி.டி.யும்தான் புழங்குகின்றன. மென்பொருள்கள் அவற்றை இயல்பாகவே எழுதிவிடுவதுதான் காரணம்.