கரண்ட் போனது கருவிக்குத் தெரியாது

சூரியநெல்லியில் மழைமானி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும்: மழை வெளுத்து வாங்கும் நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். காற்றில் மரம் சாயும், கம்பி அறும். எந்த மழையைப் பதிவு செய்தே ஆக வேண்டுமோ, அந்த மழையில்தான் கருவி அணையும். இடவப்பாதி மழைக்காலத்தில் நாள்கணக்காக மேகமும் மூடுபனியும் நிற்பதால் சோலாரை மட்டும் நம்பவும் முடியாது. ஆக, அடாப்டரும் வேண்டும், பேட்டரியும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கருவி இமைக்கவும் கூடாது.

இதைச் செய்து தரும் சர்க்யூட்டைக் கண்டுகொண்ட நாள்முதல் பார்ப்பவரிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்றே உறுப்புகள்: ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், ஒரு ஷாட்கி டயோடு, ஒரு ரெசிஸ்டர். சென்னை ரிச்சி தெருவில் மூன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். புரோகிராம் எழுத வேண்டாம். எப்போது மாறுவது என்பதை இரண்டு வோல்டேஜ்களும் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கின்றன. என்ன அழகு!

என் கருவி, 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி. மழைமானிக்குள் சின்னக் கிண்ணம் நிரம்பிச் சாயும்போதெல்லாம் ஒரு ரீட் சுவிட்ச் மூடித் திறக்கும். கருவி அதை நேரக் குறிப்போடு மெமரி கார்டில் எழுதும். அடாப்டரின் 5 வோல்ட், ஷாட்கி டயோடு வழியாக 0.3 குறைந்து 4.7 ஆகக் கருவிக்குப் போகிறது. 18650 லித்தியம் செல், மாஸ்ஃபெட் வழியாக அதே இடத்தில் வந்து சேர்கிறது. மாஸ்ஃபெட்டின் கேட் அடாப்டரோடு கட்டப்பட்டிருக்கிறது. அடாப்டர் உயிரோடு இருக்கும்வரை கேட்டில் 5 வோல்ட் நிற்கும், மாஸ்ஃபெட் மூடியே கிடக்கும். கரண்ட் போனால் ரெசிஸ்டர் கேட்டைத் தரைக்கு இழுக்கும்; மாஸ்ஃபெட் திறக்கும், செல் பொறுப்பேற்கும்.

இதன் உயிர்நாடி மாஸ்ஃபெட் நிற்கும் திசை. வழக்கத்துக்குத் தலைகீழாக, டிரெயின் செல் பக்கம், சோர்ஸ் கருவி பக்கம். அப்படி வைத்தால் மாஸ்ஃபெட்டுக்குள் பிறவியிலேயே இருக்கும் டயோடு, செல்லிலிருந்து கருவியை நோக்கித் திரும்பி நிற்கும். கேட் இறங்கி முடிப்பதற்குள் அந்த டயோடே மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது. இடைவெளி என்பதே இல்லை! ரிலே போட்டால் தொடுமுனை தாவுவதற்குள் சில மில்லிசெகண்டுகள் போய்விடும். கார்டில் எழுதும் கருவி 100 மில்லிஆம்ப் இழுத்துக்கொண்டிருந்தால், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அந்த இடைவெளியைத் தாங்காது. தவிர, சாதாரண 5 வோல்ட் ரிலேயின் கம்பிச்சுருள் மட்டுமே 70 மில்லிஆம்ப் தின்னும்.

இரண்டு பக்கமும் டயோடு போட்டால் போதாதா என்பார்கள். போதும், ஆனால் செல்லின் 3.7-இல் 0.3 வீணாகும், 3.3 கேட்கும் கருவிக்கு அது பெரிய இழப்பு. ஏஓ3401 மாஸ்ஃபெட்டின் தடை சுமார் 0.06 ஓம். 100 மில்லிஆம்ப் போனாலும் இழப்பு 6 மில்லிவோல்ட்தான். ரெசிஸ்டரைப் பலர் 1 லட்சம் ஓம் போடுவார்கள். நான் 10 ஆயிரம்தான் போடுவேன். ஷாட்கி டயோடு பின்பக்கமாகக் கொஞ்சம் கசியும், அந்தக் கசிவு கேட்டை மேலே தூக்கிவிடக் கூடாது. இன்னொரு லாபமும் உண்டு: அடாப்டர் இருக்கும்போது கருவி செல்லைத் தொடுவதே இல்லை. அதனால் சார்ஜ் ஏற்றும் டிபி4056 சிப், செல் நிறைந்ததைச் சரியாகக் கண்டு நிறுத்துகிறது.

ஆர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துப் பாருங்கள். யூஎஸ்பியா வெளி அடாப்டரா என்று தீர்மானிக்க அதிலும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் இருக்கிறது. நேரம் காட்டும் டிஎஸ்3231 சிப்பும் கரண்ட் போனால் தானாகவே பொத்தான் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் பலகையைப் பார்த்தாலும் என் கண் இப்படி மாற்றிவிடும் மூலையைத்தான் தேடுகிறது.

போன மழையில் எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, முழுக்க இருண்டு கிடந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒங்க பெட்டி மட்டும் எப்படி மினுக்குது?" என்றான். அங்கேயே உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டிவிட்டேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இதே மலைகளில், ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டார்கள். தொலைத்தொடர்பு அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. இந்த மலைகளில் ஓர் இரவில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைப் பொழுதுபோக்குக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி வேண்டும், கரண்ட் போனாலும் அது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவி சராசரியாக 10 மில்லிஆம்ப் எடுத்தால், 2,000 மில்லிஆம்ப்-மணி செல் ஒன்று 200 மணி நேரம், அதாவது எட்டு நாள் தாங்கும். உங்கள் தோட்டத்தில் வைக்க விருப்பமென்றால் சொல்லுங்கள். மழைமானியும் மாஸ்ஃபெட்டும் வாங்கி வாருங்கள். மீதியெல்லாம் என்னிடம் இருக்கிறது, ஒரே மாலையில் சால்டர் செய்துவிடலாம்.