பாவித்த பொருளின் மாண்பு

யாத்திரை போன ஊரின் சரித்திரத்தை அறியப் பலர் அரும்பொருட்சாலையை நாடுவர். என் மனமோ பாவித்த பொருள் விற்கும் கடையையே முதலில் தேடும். 1867இல் இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலமுதல், 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான காலம்வரை, மலைநாட்டின் வாழ்வை நடத்திய பொருள்கள் இன்று கண்டிக் கடைகளின் மங்கிய மூலைகளில் கிடக்கின்றன. துரைமார் பங்களாவின் பீங்கானும் வெள்ளிக் கரண்டியும் அழகியவையே. எனினும், முகத்தகட்டில் றாத்தல் இலக்கங்கள் தேய்ந்துபோன கொழுந்துத் தராசு ஒன்றைக் கையிலெடுக்கும்போது, அதன் கொக்கியில் தொங்கிய கூடைகளையும், முள் சற்றே பின்னடைந்தால் முழுநாட் கூலியான ‘முழுப்பேர்’ பாதிக் கூலியான ‘அரைப்பேர்’ ஆகிவிடுமே என்று அதையே நோக்கி நின்ற பெண்களையும் எண்ணாதிருக்க இயலவில்லை. இத்தராசுக்கு எந்த வெள்ளியும் ஈடாகாது.

விலை பேசுவதில் அவசரம் ஆகாது. பித்தளையைப் புதிதுபோல் துலக்கித் தரச் சொல்லவும் ஆகாது, ஏனெனில் அதன்மேல் படிந்த களிம்பே அதன் வயதுக்குச் சாட்சி.

பழம்பொருள் கடைகளுக்கு அப்பால், கண்டியில் தர்ம சிந்தையோடு நடக்கும் கடையை விரும்புவோர், ஜெர்மனியில் பிறந்து உடவத்தைக் காட்டில் தவவாழ்வு நடத்திய ஞானபோனிக தேரர் முதலியோர் 1958இல் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் புத்தகசாலைக்குச் செல்லலாம். தலதா மாளிகையிலிருந்து வாவிக்கரையோரம் நடந்தே போய்விடலாம்.