எயார் இழுக்கும் எஞ்சின்

முகத்துவாரத்தால் கடலுக்குப் போகும் மட்டக்களப்பு போட்களில் மாட்டியிருக்கும் எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் கயிறிழுத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபிறகு, எஞ்சின் கொஞ்சம் இடறினாலும் போட்காரருக்கு நெஞ்சு பதறும்.

இடறலுக்குக் காரணம் பல. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கஸ்கட் கிழிந்து வெளிக்காற்று புகுவது அதில் ஒன்று. ‘எயார் இழுக்குது’ என்பார்கள். ஸ்லோவில் நிற்காது, அக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் இறங்காது. மோட்டார் சைக்கிளில் இது தொல்லை, டூ ஸ்ட்ரோக் போட் எஞ்சினில் ஆபத்து. அதில் பிஸ்டனுக்கு வேண்டிய ஒயில் எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. காற்றுக் கூடினால் இரண்டும் சேர்ந்து குறையும். சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், அதுவும் கரை தெரியாத இடத்தில்.

நாவலடிப் பக்கக் கொட்டில் ஒன்றில் ஒரு முதியவர் இந்த நோயைப் பிடிப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். நீளமான ஸ்குரூட்ரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் கேட்ட ஊரல்லவா! 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட்கூட, தோணியின் மரத்தில் காதை வைத்தால் அந்த ஒலி கூடுகிறது என்று எழுதினார். பிறகு முதியவர் தூரிகையால் பொருத்தைச் சுற்றி ஒயில் தடவினார். ஓரிடத்தில் எஞ்சின் ஒரு கணம் சீராகி மறுபடி இடறியது. “கேட்டயா மனே, இதுக்குள்ளதான்.”

அடுத்ததுதான் நான் பார்க்கக் காத்திருந்தது. கஸ்கட் தாளைப் பொருத்தின் முகத்தில் விரித்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரத்தை மெல்லத் தட்டினார். கத்தரி இல்லை, அளவுகோல் இல்லை. உலோகத்தின் விளிம்பே தாளை அறுத்துத் தருகிறது. போல்ட் துளைகளுக்குப் பழைய பெயாரிங் குண்டு ஒன்றை வைத்து ஒரே தட்டு. வட்டம் பிசிறில்லாமல் விழுந்தது. தட்டு ஒரு மாற்றுக் கூடினால் அலுமினிய விளிம்பு நசுங்கிவிடும். அந்த அளவு அவர் மணிக்கட்டில் இருந்தது.

இதை நாமே செய்ய முடியாதா? மோட்டார் சைக்கிள் என்றால் தாராளமாகச் செய்யலாம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் மறுபடி திறந்த நாட்டில், பழைய வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிவது நல்லதுதான். இரண்டு போல்ட், ஒரு ஸ்பானர், கடையில் வாங்கிய கஸ்கட், ஒரு பின்னேரம் போதும். பழைய கஸ்கட்டைக் கூரான ஆயுதத்தால் சுரண்டாதீர்கள். விழும் கீறலே புதிய ஓட்டையாகும். போல்ட்களை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் முகம் வளையும், பிறகு எந்தக் கஸ்கட்டும் நிற்காது. வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டில் மென்மையான அரத்தாளை விரித்து அதன்மேல் தேய்த்து எடுக்கலாம். சிலிக்கோன் மட்டும் வேண்டாம். பெற்றோல் பட்டால் அது ஊறிப் பிய்ந்து உள்ளே போகும். சிலிக்கோன் பிதுங்கி நிற்கும் பொருத்தைக் கண்டால் வேலை தெரியாதவர் கைபட்டது என்று அந்த முதியவர் சொல்லாமலே முகத்தில் காட்டிவிடுவார்.

போட் எஞ்சினை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். அங்கே காபரேட்டருக்குப் பின்னால் ரீட் வால்வும் அதற்கொரு கஸ்கட்டும் இருக்கின்றன. எது கசிகிறது என்று சொல்லப் பழகிய காது வேண்டும். தாளுக்கு ஆகும் செலவு சொற்பம். கூலி அந்தக் காதுக்குத்தான், அதில் பேரம் பேச வேண்டாம்.