அரைக்கால் சுற்று

கிளச் வேலை தெரிந்த கைகள் கல்முனைக் கரையில் நிறைய உண்டு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியோரம் கராஜுக்குக் குறைவில்லை. ஆனால் ஹொண்டா கப்பின் வலப்பக்க இன்ஜின் மூடியில் இருக்கும் அந்தச் சின்னத் திருகாணியை அழகாகத் திருப்புகிறவர்கள் மிகச் சிலரே. என் ரசனை முழுதும் அந்தத் திருகாணியில்தான் நிற்கிறது.

லொக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலமாக ஒரு சுற்று விட வேண்டும். பிறகு இடமாக மெல்லக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கிருந்து மறுபடி வலமாக அரைக்கால் சுற்று விட்டு, திருகாணி அசையாமல் பிடித்து நட்டை இறுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்தத் தடுப்பை விரல் உணர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்ந்தமருதில் ஒரு காக்கா இருந்தார். திருப்புளியை இரண்டு விரல்களால் மட்டுமே பிடிப்பார். உள்ளங்கை பட்டால் தடுப்புத் தெரியாதாம். வாப்பாவின் கப் நைன்டியை அவர் சரிசெய்து தந்தபின் முதல் கியர் விழுவது காதுக்கே கேட்காது. காலுக்கு மட்டும் தெரியும்.

ரோட்மாஸ்டர் மோட்டார்சைக்கிள் பிரியர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இரட்டைச் சிலிண்டர் ஓசையும் இடக்கையில் லீவரை விட்டுப் பிடிக்கும் சுகமும் வேறு எதில் வரும் என்பார்கள். அந்த ஓசை எனக்கும் பிடிக்கும். ஆனால் லீவர் வண்டியில் கிளச் கொஞ்சம் கெட்டாலும் கை அதைச் சமாளித்துக்கொள்ளும். கப்பில் அப்படிச் சமாளிக்க எதுவுமில்லை. கியர் மிதியின் முதல் பாதி கிளச்சைப் பிரிக்கிறது, மறுபாதி கியர் ட்ரம்மைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே அந்தத் திருகாணி விடும் இடைவெளிதான் உண்டு. மருதமுனைத் தறிக்காரரின் மிதி போலக் காலே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்ட வேண்டும் என்று சொய்ச்சிரோ ஹொண்டா பிடிவாதமாக இருந்ததால் பிறந்த ஏற்பாடு இது. 1958இல் வந்தது, 2017இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது.

கப்பில் கிளச் கோளாறு என்று சொல்லப்படுவதில் பாதி, கிளச்சின் கோளாறே அல்ல. முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளிப் பாய்கிறது என்று கொண்டுபோனால் காக்கா மூடியைத் தொடவேமாட்டார். "கிளச்சுல ஒண்டுமில்ல மகன், ஐட்லிங் கூடிக்கிடக்கு" என்று கார்பரேட்டர் பக்கம் குனிவார். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிளச்சின் எடைகள் விரிந்து, நாம் கேட்காமலே பிடித்துக்கொள்ளும். ஐட்லிங்கைக் குறைத்தும் துள்ளினால்தான் திருகாணிக்கு வருவார்.

வழுக்கும் கிளச்சைக் கண்டுபிடிப்பது எங்கள் பக்கம் கொஞ்சம் கடினம். பாலங்களை விட்டால் மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத கரை இது. வெறும் வண்டியாக வீதியில் போகும்வரை நோய் ஒளிந்தே கிடக்கும். சம்மாந்துறை வயலிலிருந்து ஒரு மூட்டை நெல்லைப் பின்னால் கட்டியதும் வெளிப்படும்: இன்ஜின் கத்தும், வண்டி ஊராது. அப்போதும் ப்ளேட்டுக்கு முன் ஒயிலைப் பார்க்க வேண்டும். கப்பின் கிளச் இன்ஜின் ஒயிலிலேயே குளிக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயிலை ஊற்றிவிட்டு ப்ளேட்டைக் குறைசொல்வது அநியாயம். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

இரண்டாம் கியர் ஓட்டத்தில் கழன்றுவந்தால் மட்டும் திருகாணியும் ஒயிலும் உதவா. கியர்ப் பற்களின் முனை மழுங்கியிருக்கும், அல்லது கியர் ஃபோர்க் வளைந்திருக்கும். இன்ஜினைப் பிளந்தே ஆக வேண்டும். மிதியை உதைத்துக் கியர் மாற்றுகிறவர்கள் தேடிக்கொள்ளும் செலவு அது. மிதியை அழுத்தி, ஒரு கணம் அப்படியே வைத்து, காலை மெல்ல எடுப்பவரின் கியர்ப்பெட்டி லேசில் கெடாது.

இப்போதைய கராஜ்களில் மனம் நோகவைப்பது அவசரம். வண்டியை நிறுத்தியதும் "செட்டா மாத்துவோம்" என்கிறார்கள். கிளச்சைப் பிடித்திருக்கும் நான்கு வெட்டு நட்டைக் கழற்றத் தனிச்சாவி உண்டு. அதை வாங்காமல் உளியை வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் சிலிக்கனைப் பூசுகிறார்கள். அது உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஒயில் பாதையை அடைக்கிறது. என் வண்டியும் ஓரிடத்தில் இப்படி உளியடி பட்டது. அந்த நட்டின் வடு இன்னும் போகவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின், மூலையில் கிடந்த செவன்டிகளும் நைன்டிகளும் துடைத்து எடுக்கப்பட்டன. இறக்குமதி திறந்த பிறகும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்கூட்டர் வாங்கிய நண்பர்கள் கியர் எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வசதி கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காலால் கிளச்சைப் பிரித்துச் சேர்க்கும் அந்த நுணுக்கம் பெல்ட்டில் ஓடும் வண்டியில் எங்கே இருக்கிறது?

கப் வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை கிளச் வேலை என்று கராஜுக்குப் போனால், ப்ளேட் வாங்கக் காசு கொடுக்கும் முன் ஐட்லிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள், ஒயிலைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் திருகாணியை ஒருமுறை முறையாகத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பத் தெரியாது என்றால் வண்டியை வேறு கராஜுக்கு உருட்டிக்கொண்டு போங்கள்.